குன்னூர்க் குளிரில் டெஃப்லான் ராடு: ஒரு கடைசல் பட்டறையின் மதிப்புரை

குன்னூரில் சிறிய கடைசல் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளின் பழுதுபார்ப்பு வேலைகளும், நீலகிரித் தைலம் காய்ச்சுவோருக்குத் தேவையான குழாய் இணைப்பு, வால்வு வளையம் போன்ற சில்லறை வேலைகளுமே எங்களுக்குச் சோறு போடுகின்றன. கடந்த மூன்று ஆண்டுகளாகக் கோவையிலிருந்து டெஃப்லான் என்னும் வழவழப்பான பிளாஸ்டிக்கின் ராடுகளை, அதாவது உருளைத் தண்டுகளை, தொடர்ந்து வாங்கிக் கடைந்து வருகிறோம். 25 மற்றும் 50 மி.மீ. விட்டத்தில் விர்ஜின் எனப்படும் கலப்பில்லாத ராடு, 40 மி.மீ. விட்டத்தில் 25 சதவீதம் கண்ணாடி இழை கலந்த ராடு, அதே விட்டத்தில் 60 சதவீதம் வெண்கலத் தூள் கலந்த ராடு, 30 மி.மீ. விட்டத்தில் டெஃப்லானுக்கு உறவான பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக் ராடு ஆகியவை இதுவரை எங்கள் லேத்தில் ஏறியவை. சமவெளிக் கடைகளில் சொல்லப்படும் விவரங்கள் சமவெளிக்குப் பொருந்துபவை. மலையில் இந்தப் பொருள் வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதைப் பணத்தையும் பொருளையும் இழந்துதான் தெரிந்துகொண்டேன். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ இதே வேலையைச் செய்பவர்களுக்கு அந்த இழப்பு நேர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு டெஃப்லானின் தேவை முதலில் தைலக் கொட்டகையில்தான் எழுந்தது. யூகலிப்டஸ் இலையைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து, தண்ணீரின் மேல் மிதக்கும் தைலத்தைப் பிரிக்கும் பாத்திரத்தின் அடியில் ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாயில் ரப்பர் வளையம் போட்டால் சில வாரங்களில் அது உப்பிக் கொழகொழத்துப் போய்விடும். தைலத்தின் பெரும்பகுதியான சினியோல், ரப்பருக்குள் ஊறி அதை இளக்கிவிடுகிறது. பித்தளையை நேரடியாகப் பித்தளையில் உரசவிட்டால் கசிவு நிற்பதில்லை. டெஃப்லான் வளையம் மட்டுமே தைலத்தில் மாதக்கணக்கில் கிடந்தாலும் நிறமோ வழவழப்போ மாறாமல் வெளியே வந்தது. உருகிய சோடியம் போன்ற காரஉலோகங்களையும், உயர்வெப்பத்தில் ஃப்ளூரின் வாயுவையும் தவிர இதைத் தின்னக்கூடிய பொருள் ஏறக்குறைய இல்லை என்பதால், தைலம் இதற்கு ஒரு பொருட்டே அல்ல.

இந்தப் பொருளின் வேதிப்பெயர் பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன், சுருக்கமாகப் பி.டி.எஃப்.இ. டெஃப்லான் என்பது டூபாண்ட் நிறுவனம் 1945-இல் பதிவு செய்த வணிகப் பெயர். 2015 முதல் அது கெமூர்ஸ் நிறுவனத்தின் வசம் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் எந்த நிறுவனத்தின் சரக்கானாலும் டெஃப்லான் என்றே சொல்கிறார்கள். இதற்கான மூலப்பொடி நம் நாட்டிலேயே, குஜராத்தின் தஹேஜில், தயாராகிறது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.14 முதல் 2.20 கிராம் வரை. மைனஸ் 200 டிகிரி முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை பயன்படுத்தலாம். 327 டிகிரியில் படிகம் உருகும். உருகினாலும் வழிந்தோடாது என்பதுதான் இதன் விந்தை. அந்த நிலையிலும் ஒரு பசையைப்போல நின்றுகொண்டிருப்பதால், நைலானைப்போல இதை உருக்கி அச்சில் ஊற்ற முடியாது. பொடியை அழுத்திக் கட்டியாக்கி, 360 முதல் 380 டிகிரி வரை சூடாக்கி இறுகவைக்கிறார்கள். மெல்லிய ராடுகளைப் பெரும்பாலும் ராம் எக்ஸ்ட்ரூஷன் முறையில், பொடியைத் தவணை தவணையாக ஒரு குழாய்க்குள் இடித்துத் தள்ளிச் செய்கிறார்கள். தடித்தவற்றை அச்சில் அழுத்திச் செய்கிறார்கள். எக்ஸ்ட்ரூஷன் சரியாகச் செய்யப்படாத ராடு, ஒரு தவணைப் பொடியும் அடுத்த தவணைப் பொடியும் சேரும் இடத்தில் அடுக்கிவைத்த காசுகளைப்போலத் தனித்தனி வில்லைகளாக விட்டுப்போகும். மெல்லிய வளையம் கடைபவர்கள் கடையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

விலை கிலோ கணக்கில் சொல்லப்படும். ஆகவே தராசு வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பொதுவான சாட்சி. இந்தப் பொருளின் பிறப்பிலேயே ஒரு தராசு இருக்கிறது. 1938 ஏப்ரல் 6 அன்று ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிர்சாதன வாயு ஆராய்ச்சிக்காக நிரப்பிவைத்திருந்த உருளையைத் திறந்தபோது வாயு வரவில்லை. ஆனால் உருளையின் எடை குறையவில்லை என்பதைக் கவனித்து அதை அறுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே வெள்ளைப் பொடி இருந்தது. எடையை நம்பிய அந்த மனிதரின் வழியை நானும் பின்பற்றுகிறேன். ராடின் விட்டத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, வர்க்கம் எடுத்து, 0.785-ஆல் பெருக்கி, நீளத்தாலும் 2.16-ஆலும் பெருக்கினால் இருக்கவேண்டிய எடை கிராமில் கிடைக்கும். 50 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. நீளமும் உள்ள துண்டு ஏறக்குறைய 1,270 கிராம் இருக்க வேண்டும். ராடுகள் சொன்ன அளவைவிடச் சற்றுத் தடிமனாகவே வருவதால், பெயரளவை நம்பாமல் வெர்னியரால் அளந்த விட்டத்தையே கணக்கில் எடுக்க வேண்டும்.

முதல் ஆண்டில் வேறொரு கடையில் கொஞ்சம் மலிவாகக் கிடைத்த அதே அளவுத் துண்டு, எங்கள் தராசில் 1,200 கிராம்தான் இருந்தது. அதாவது அடர்த்தி 2.04. அப்போது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. கடைந்த பிறகுதான் பார்த்தேன். வெட்டு முகத்தில் பால் வெண்மைக்குப் பதிலாகச் சாம்பல் சாயலும், மிளகுத் தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளும் இருந்தன. நான்கு துளைகள் போட்ட ஒரு வளையம், நட்டை முறுக்கும்போதே துளையின் ஓரத்தில் விரிசல் விட்டது. கழிவுத் துருவலை அரைத்து மறுபடியும் அழுத்திச் செய்த சரக்கு அது. விர்ஜின் என்று பில்லில் எழுதித் தந்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். மறுசுழற்சிச் சரக்குக்கும் இடம் உண்டு. மேசைக்கால் மிதி, சறுக்குப் பட்டை போன்ற பாரமில்லாத வேலைக்கு அது போதும். ஆனால் அதன் பெயரைச் சொல்லி விற்க வேண்டும். தேயிலையோ தைலமோ தொடும் இடத்தில் அதை வைக்கவே கூடாது.

இனி, மலையில் வேலை செய்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்திக்கு வருகிறேன். டெஃப்லானின் மூலக்கூறுச் சங்கிலி நேராக இல்லாமல் கயிறுபோல முறுக்கிக் கிடக்கிறது. 19 டிகிரிக்குக் கீழே அரைச்சுற்றுக்கு 13 கார்பன் அணுக்கள் என்ற கணக்கில் இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கும் இந்தச் சங்கிலிகள், 19 டிகிரியைத் தாண்டியதும் 15 அணுக்கள் என்று முறுக்குத் தளர்ந்து, ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்கின்றன. அதனால் 19 முதல் 25 டிகிரிக்குள் கன அளவு ஏறத்தாழ ஒரு சதவீதமோ அதற்குச் சற்று மேலோ உப்பிவிடுகிறது. இது சாதாரண வெப்ப விரிவோடு கூடுதலாகச் சேர்ந்துகொள்வது. கோவையில் டிசம்பர் விடியற்காலைகளைத் தவிர மற்ற நேரமெல்லாம் ராடு இந்த எல்லைக்கு மேலேயே இருப்பதால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. குன்னூரிலோ, குளிர்காலத்தில் விடியற்காலை 10 டிகிரி, வெயில் ஏறிய பிறகு 20 டிகிரிக்கு மேல் என்று ஒவ்வொரு நாளும் அந்த எல்லையை ஏறி இறங்குகிறோம். பட்டறை அலமாரியில் கிடக்கும் ராடும் நம்மோடு சேர்ந்து தினமும் உப்பிச் சுருங்குகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிசம்பரில் எங்களுக்கு வேலை நெருக்கடி. ஒரு தைலக் கொட்டகைக்கான பன்னிரண்டு வளையங்களை, வரைபடம் கொடுத்துக் கோவையில் ஒரு பட்டறையிலேயே கடைந்து வாங்கினேன். வெளிவிட்டம் சரியாக 50.00 மி.மீ. வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவர்கள் மதியம் 30 டிகிரியில் கடைந்து, அளந்து, சரியாக இருப்பதாக எழுதிக் கையொப்பமிட்டு பஸ்ஸில் அனுப்பினார்கள். மறுநாள் அதிகாலை நான் மைக்ரோமீட்டரை வைத்தபோது 49.70-க்கும் சற்றுக் குறைவாகக் காட்டியது. குழாயின் குழியில் வைத்ததும் வளையம் விரலால் தள்ளினாலே சுழன்றது. கோபத்தில் தொலைபேசியில் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர்கள் தவறேதும் செய்யவில்லை என்பது அன்று நண்பகலில், வெயில் விழுந்த மேசையில் கிடந்த வளையத்தை மறுபடி அளந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மாலையில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கும்போது 50 மி.மீ. டெஃப்லான் சுமார் 0.3 மி.மீ. சுருங்குகிறது, அதே அளவு எஃகு அதே குளிரில் நூற்றில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் சுருங்கும். பிரிப்புப் பாத்திரத்தின் குழாய் எப்போதும் குளிர்ந்தே இருக்கும் இடம். வளையத்தைத் திருப்பி அனுப்ப நேரமில்லாமல் அப்படியே மாட்டிய ஒரு கொட்டகையில், காலையில் கதவைத் திறந்ததும் தைல வாசம் மூக்கைத் துளைத்தது. தரையில் ஒரு தட்டு அளவுக்குத் தைலம் பரவியிருந்தது.

இதற்கு நேர் எதிரான தவறையும் செய்திருக்கிறேன். தேயிலை உலர்த்தியின் வெப்பக் காற்றுக் கதவு சுழலும் 30 மி.மீ. தண்டுக்கு, எஃகு உறையில் அழுத்திப் பொருத்தும் விர்ஜின் புஷ் ஒன்றை, அதாவது தண்டு உள்ளே சுழலும் குழல் வளையத்தை, கடைந்தேன். குளிர்ந்த காலையில், உலோகப் புஷ்ஷுக்கு விடுவதுபோல 0.1 மி.மீ. இடைவெளி விட்டேன். உலர்த்தி சூடேறியதும் புஷ் விரிந்தது. வெளியே எஃகு உறை தடுத்ததால் விரிவு முழுவதும் உள்நோக்கித் திரும்பி, தண்டைப் பாம்புபோல் சுற்றிப் பிடித்துக்கொண்டது. "கதவு திரும்பவே மாட்டேங்குதுங்க, தேயிலை கருகுது" என்று தொழிற்சாலை மேஸ்திரி பதறிப்போய் அழைத்தார். இப்போது அந்த இடத்துக்கு 0.5 மி.மீ. இடைவெளி விடுகிறேன். குளிரில் சற்று ஆடும். கதவுத் தண்டுக்கு அதனால் கேடில்லை.

இப்போது எங்கள் பட்டறையில் வழக்கம் மாறிவிட்டது. கடைய வேண்டிய துண்டை முன்னிரவே அறுத்து உள்ளறையில் வைக்கிறோம். முதலில் ஒன்று அல்லது இரண்டு மி.மீ. கூடுதலாக விட்டு முரட்டுக் கடைசல் கடைந்து, ஒரு நாள் ஓய்வாகக் கிடத்தி, பிறகே இறுதி அளவுக்கு வருகிறோம். இறுதி அளவை எடுக்கும் முன், துண்டை 25 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, அரை மணி நேரம் மூழ்கவைத்துத் துடைத்து உடனே அளக்கிறோம். டெஃப்லான் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் இதில் கெடுதல் இல்லை. வெப்பத்தை மெல்லக் கடத்தும் பொருள் என்பதால் தடித்த துண்டின் உள்நடுப்பகுதி வரை சூடு ஏற அந்த அரை மணி நேரம் அவசியம். வரைபடத்தில் அளவுக்கு அருகில் எந்த வெப்பநிலையில் எடுத்தது என்பதையும் எழுதுகிறோம். கோவைப் பட்டறைக்கு வேலை கொடுக்கும்போதும் இதையே எழுதிக் கொடுக்கிறோம்.

கடைவதற்கு இது இளகிய மனம் படைத்த பொருள். வெண்ணெயைச் சீவுவதுபோல் சுருள் அறுபடாமல் வரும். ஆனால் டூல் சவரக்கத்தி போலக் கூர்மையாக இருந்தாக வேண்டும். மழுங்கிய டூல் வெட்டாமல் தள்ளும்; தள்ளிய இடம் பிறகு மேலெழும்பி அளவு கெடும். லேத்தில் துண்டைப் பிடித்துக்கொள்ளும் சக்கின் தாடையை இறுக்கினால் வட்டம் முக்கோணச் சாயல் பெறும். மெல்லிய வளையத்தை எங்கள் பையன் முதன்முறை கடைந்தபோது, சக்கில் இருக்கும்வரை வட்டமாக இருந்தது, கழற்றியதும் கோணியது. பிளந்த உருளை ஒன்றுக்குள் வைத்து மென்மையாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டோம்.

விர்ஜின் ராடின் பெரிய பலவீனம், நிலையான அழுத்தத்தில் மெல்ல நசுங்கிப் பரவும் கிரீப் குணம். கசிவைத் தடுக்கப் போல்ட் போட்டு இறுக்கிய கேஸ்கெட் மறுநாளே தளர்ந்திருக்கும். ஒரு நாள் கழித்து மறுபடி இறுக்க வேண்டும், கூடுமானவரை நான்கு பக்கமும் சுவருள்ள பள்ளத்துக்குள் அடக்கிவைக்க வேண்டும். இழுவலிமையும் 20 முதல் 35 மெகாபாஸ்கல் என்ற அளவில்தான். பாரம் தாங்கும் உறுப்பாக இதை நினைக்கக் கூடாது. உராய்வில் தேய்வதும் வேகம். இந்தக் குறைகளுக்காகவே கலப்பு வகைகள் வந்தன. சரியான கலப்பு தேய்மானத்தை நூற்றுக்கணக்கான மடங்கு குறைக்கிறது.

25 சதவீதம் கண்ணாடி கலந்த ராடை நீராவி வால்வு இருக்கைக்கு, அதாவது வால்வின் மூடி வந்து அமரும் வளையத்துக்கு, வாங்கினேன். மாசு படிந்த வெண்மை நிறம். தொட்டால் சற்றுச் சொரசொரப்பு. கிரீப் கண்கூடாகக் குறைந்தது. ஓராண்டு கழித்துக் கழற்றிப் பார்த்தபோதும் இருக்கையின் விளிம்பு கூராக இருந்தது. ஆனால் சாதாரண ஹை ஸ்பீட் டூலை இரண்டாம் துண்டிலேயே மழுக்கிவிடும், கார்பைடு முனை வேண்டும். சுழலும் இடத்தில் கண்ணாடி கலந்ததை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பம்பின் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தண்டில் புஷ்ஷாக வைத்ததில், புஷ் நன்றாக இருந்தது, தண்டில் வரி விழுந்துவிட்டது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் கடுங்காரமும் உள்ளிருக்கும் கண்ணாடியைத் தின்றுவிடும் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

வெண்கலம் கலந்தது, நான் வாங்கியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. காய்ந்த மஞ்சள் கிழங்கின் பழுப்பு நிறம். கையில் எடுத்தாலே கனம் தெரியும். அடர்த்தி 3.9 அளவில் இருப்பதால், 40 மி.மீ. விட்டம், 300 மி.மீ. நீளத் துண்டு ஏறக்குறைய 1,470 கிராம் வரும். விர்ஜினில் அதே துண்டு 815 கிராம்தான். ஆகவே இரண்டையும் கிலோ விலையில் ஒப்பிட்டு ஏமாறாமல், துண்டு விலையைக் கேட்க வேண்டும். வெண்கலம் வெப்பத்தைக் கடத்திச் செல்வதால் உராயும் முகம் சூடேறாது. விரிவும் விர்ஜினைவிடக் குறைவு. மேலே சொன்ன உலர்த்திக் கதவுக்கு இரண்டாவதாக வாங்கிய புஷ் இந்த வகைதான். அமிலம், மின்காப்பு ஆகிய இரண்டுக்கும் இது ஆகாது. தேயிலை இலைச் சாறு படும் இடத்திலும் நான் வைப்பதில்லை. உணவு தொடும் இடங்களுக்கு விர்ஜின் ராடையே, அமெரிக்க உணவுப்பொருள் விதி 21 சி.எஃப்.ஆர். 177.1550-க்கு உட்பட்டது என்ற சான்றிதழோடு வாங்குகிறேன்.

பி.வி.டி.எஃப். இதே குடும்பத்தில் சற்று வேறான பிறவி. அடர்த்தி 1.78 மட்டுமே, இழுவலிமை 50 மெகாபாஸ்கல் அளவில், விறைப்பாக, உலோகம்போல் நேர்த்தியாகக் கடைய வரும், உருக்கி வார்க்கவும் ஒட்டவும் இயலும். 19 டிகிரித் தொல்லை இதற்கு இல்லாததால், குளிரில் அளவு மாறக் கூடாத குழாய் இணைப்புகளுக்கு மலையில் இதை முதலில் கேட்டுப் பாருங்கள். ஆனால் 150 டிகிரியே இதன் எல்லை. பாயிலர் நீராவி 7 பாரில் 170 டிகிரியைத் தொடும். அங்கே இதை வைப்பது ஆபத்து. அசிட்டோனிலும் கடுங்காரத்திலும் கெடும். எஃப்.இ.பி. 200 டிகிரி வரையும், பி.எஃப்.ஏ. 260 டிகிரி வரையும் தாங்கக்கூடிய, உருக்கி வார்க்கத்தக்க உறவினர்கள். வேதித் தொழிற்சாலைகளிலும் மின்னணுச் சில்லு ஆலைகளிலும் புழங்குபவை. பி.சி.டி.எஃப்.இ. திரவ ஆக்சிஜன் போன்ற கடுங்குளிர் வால்வுகளுக்கானது. எங்கள் மலையில் இவற்றுக்கு வேலை வந்ததில்லை.

பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். குளிருக்குக் கரி அடுப்பு மூட்டி, கிடைத்த கழிவையெல்லாம் அதில் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. டெஃப்லான் சுருளை அதில் போடாதீர்கள். 350 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கி நச்சுப் புகை விடும். துருவல் ஒட்டிய விரலோடு பீடி பற்றவைத்தாலும் போதும்; பீடி நுனியின் வெப்பத்தில் அந்தத் தூள் சிதைந்து, சில மணி நேரத்தில் நெஞ்சு இறுக்கமும் நடுக்கத்தோடு காய்ச்சலும் வரும். ஃப்ளூ என்று நினைத்து விட்டுவிடுவார்கள். எங்கள் பட்டறையில் கை கழுவாமல் யாரும் வெளியே போவதில்லை. சுருளைச் சாக்கில் கட்டிக் கோவைக்கே திருப்பி அனுப்புகிறோம்.

நான் இப்போது வாங்கும் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழு ராடைத் தலையில் கட்டாமல் 100 மி.மீ. துண்டாகக் கேட்டாலும் அறுத்துத் தருகிறார்கள். அறுத்த முகத்தைக் காட்டிவிட்டுத் தராசில் வைக்கிறார்கள். எக்ஸ்ட்ரூஷனா, அச்சில் அழுத்தியதா என்று கேட்டால் தயங்காமல் பதில் வருகிறது. டெஃப்லான் ராடுகளுக்கான அமெரிக்கத் தர விதியான ஏ.எஸ்.டி.எம். டி 1710 சான்றிதழைக் கேட்டால் இரண்டு நாளில் அனுப்புகிறார்கள். குறை என்றால், கலப்பு ராடுகளை நிறத்தைப் பார்த்தே அடையாளம் சொல்கிறார்கள். முனையில் பெயரெழுதிய சீட்டு இல்லை. ஒருமுறை கார்பன் கலந்ததைக் கேட்டதற்கு, அதுவும் கருப்பாக இருப்பதால் கிராஃபைட் கலந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் சொன்ன பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும் பார்சலுக்கு உறை போதாது. மேட்டுப்பாளையம் தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு முனை நசுங்கி வருகிறது. விர்ஜினுக்கும் வெண்கலக் கலப்புக்கும் இந்தக் கடைக்கு என்னுடைய முழுத் திருப்தி உண்டு. கண்ணாடிக் கலப்பு, வால்வு இருக்கைக்கு மட்டும்.

தைலக் கொட்டகைக்கு 25 டிகிரியில் அளந்து, குளிரின் சுருக்கத்துக்காக 0.3 மி.மீ. கூடுதலாக விட்டு நாங்களே மறுபடி கடைந்த பன்னிரண்டு வளையங்கள் இரண்டாவது குளிர்காலத்தைக் கடந்துவிட்டன. ஜனவரியில் புல்லில் உறைபனி படிந்திருந்த ஒரு காலையில் போய் ஒவ்வொரு குழாயின் அடியிலும் விரலை வைத்துப் பார்த்தேன். பதினொன்று காய்ந்திருந்தன. பன்னிரண்டாவதில் மட்டும் ஈரம் இருந்தது. கழற்றிப் பார்த்ததில் வளையம் சரியாக இருந்தது, பித்தளைக் குழியில் பழைய கீறல் ஒன்று இருந்தது. அதைக் கடைந்து சமன்செய்யக் குழாயைப் பட்டறைக்கு எடுத்து வந்திருக்கிறேன்.